நம் வீட்டுக் கணினி யாருக்கு வேலை செய்கிறது?

வானொலியில் நேயர் விருப்ப அங்கம் நடத்துகிறேன். நிலையத்தின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் பாடல் கேட்டு எழுதுபவர்களைவிட, மாத்திரை விற்பவர்களும் பரிசுப்பணம் தருகிறவர்களும்தான் அதிகம். இவர்களைத் தடுக்க வைத்த வடிகட்டி, சில வேளைகளில் நல்ல கடிதத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். மனைவியின் நினைவுநாளுக்குப் பாடல் கேட்டு ஒரு பெரியவர் எழுதியது, மூன்று நாள் கழித்துக் குப்பைப் பெட்டியில் கிடைத்தது. பாடலை ஒலிபரப்பினோம். ஆனால் நாள் போனது போனதுதான்.

இந்தக் குப்பையை ஏவுகிறவன் எங்கோ இருக்கிறான். சுமந்து வருபவற்றில் நம்மைப் போன்றோரின் வீட்டுக் கணினிகளும் உண்டு. இலவச விளையாட்டு என்று பிள்ளைகள் இறக்கியதோடு நச்சுநிரலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டார் உறங்கும்போதும் கணினி கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

2011 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நீதிமன்ற ஆணையோடு 'ரஸ்டாக்' என்ற வலையமைப்பை முடக்கியது. நாளொன்றுக்கு 30 பில்லியன் மின்னஞ்சல்கள் வரை அனுப்பக்கூடியது என்று மதிப்பிடப்பட்ட கூட்டம் அது. ஏவிய சர்வர்கள் அகப்பட்டன. ஆனால் சுமார் பத்து லட்சம் கணினிகளில் நச்சுநிரல் அப்படியே இருந்தது. அவற்றை வீடு வீடாகத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இணையச் சேவை நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. நாம் எழுதும் மின்னஞ்சல், கடவுச்சொல் கேட்கும் வழியாகப் போகிறது. நச்சுநிரலோ, சர்வர்கள் தமக்குள் அஞ்சல் மாற்றிக்கொள்ளும் 25ஆம் எண் வாசலை நேரே தட்டுகிறது. வீட்டு இணைப்புகளுக்கு அந்த வாசலைச் சாத்தினால் நமக்கு நட்டமில்லை. ஜப்பான் 2005 முதல் இதைச் செய்யத் தொடங்கியது. எரிதம் அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் இருந்த பிரேசிலும் பிறகு இதே வழியில் சென்று, அந்தப் பட்டியலில் வெகுவாகக் கீழிறங்கியது.

வாசலைச் சாத்தினாலும் நச்சுநிரல் வீட்டுக்குள்தான் இருக்கும். கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் அது திருடலாம். ஆகவே இந்த ஞாயிறு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மா அப்பாவின் பழைய கணினியையும் சேர்த்து, இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். நச்சுநிரல் சோதனையை ஓடவிடுங்கள். மோடத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதுப்பிப்பே வராத கணினி என்றால் இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். யாரோ ஒரு பெரியவரின் கடிதம் உரிய நாளில் போய்ச் சேரட்டும்.