மூன்று நிமிடத்தில் ஒரு பதில் உரை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நோன்பு நேரம், ஆறுதலாக வாசியுங்கள். அரசியல் பதிவு என்று நினைத்துக் கட்சிக்காரர் யாரும் கீழே சண்டைக்கு வர வேண்டாம்.

பெப்ரவரி 17, திங்கட்கிழமை. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதியமைச்சராகத் தன் முதலாவது வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். ஆசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி இருந்தோம். உண்மையைச் சொன்னால் எங்கள் காது முதலில் தேடியது சம்பளத்தைத்தான். அரச ஊழியரின் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000. சந்தோசப்பட்டோம். பிறகுதான், இருக்கிற கொடுப்பனவுகளையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள், தேறுவது 8,250, அதுவும் மூன்று கட்டமாக என்று விளங்கியது. சரி, அல்ஹம்துலில்லாஹ்.

அபிவிருத்தியின் பலன் கிராமத்துக்கும் வர வேண்டும் என்ற பேச்சு அந்த உரை முழுக்க இருந்தது. வடக்குக்கென்று தொகைகளும் வந்தன. கிராமிய வீதிக்கும் பாலத்துக்கும் 5,000 மில்லியன், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன், இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளுக்கு 1,500 மில்லியன், யாழ் நூலகத்துக்கு 100 மில்லியன். பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை என்று கைத்தொழில் வலயப் பெயர்களும் அடிபட்டன. பிறகு விவாதம். ஐ.எம்.எஃப் கீறிய கோட்டில் நடக்கும் பட்ஜெட் இது, முன்னைய ஆட்சியின் தொடர்ச்சி என்றது எதிர்க்கட்சி. 25ஆம் திகதி இரண்டாம் வாசிப்பு 155க்கு 46 என்று நிறைவேறியது.

அந்த விவாத நாட்களில்தான் தரம் 10 குடியியல் பாடத்தில் பாராளுமன்றத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். வன்னியிலிருந்து ஆறு பேர் போயிருக்கிறார்கள், ஆளும் தரப்பில் இருவர், மற்றக் கட்சிகளில் நால்வர் என்றோம். ஒரு பொடியன் கேட்டான்: "சேர், ஜனாதிபதி மணிக்கணக்காப் பேசினார். எங்கட ஆளுக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்க?" கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தைப் பிரித்துச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும் என்று சொன்னதும் வகுப்பு சிரித்தது. காணி, வன இலாகாவின் எல்லைக்கல், யானை, குளம், வீதி எல்லாவற்றையும் அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒருவர் எப்படிச் சொல்வது? செய்து பாருங்கள் என்று ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தோம். நீங்கள்தான் வன்னி உறுப்பினர், ஜனாதிபதியின் உரைக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒரு மாணவி 1,500 மில்லியனைப் பிடித்துக்கொண்டாள். "கௌரவ சபாநாயகர் அவர்களே, இடம்பெயர்ந்தவர் என்றால் எந்த வருடத்து இடம்பெயர்ந்தவர்? என் உம்மும்மா 1990இல் உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர்." அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை, உட்கார்ந்துவிட்டாள். அடுத்து எழும்பிய பொடியனின் தாய் 2009இல் இதே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தவர். அவன் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, "முன்னால் பேசிய கௌரவ உறுப்பினரின் கருத்தை நான் ஆமோதிக்கிறேன்" என்றான். பாராளுமன்றத்தில் இப்படி நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

பின்வாங்கில் இருப்பவன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன். அவன் முறை வந்தது. "நாடு நெல் கிலோவுக்கு 120 ரூபா என்று இந்த மாதம் அறிவித்தீர்கள். நல்லது. ஆனால் ஈரப்பதன் 14 சதவீதம் இருந்தால்தான் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு எடுக்கும். மெஷினால் வெட்டின நெல் ஈரமாகத்தான் வரும். காயவைக்க எங்களிடம் இருப்பது மன்னார் ரோட்டுக் கரை மட்டும். மழை வந்தால் அதுவும் இல்லை. உரக்கடைக் கடனுக்கு ஆள் வாசலில் நிற்கிறார். வாப்பா ஈர நெல்லையே லொறிக்காரருக்குக் குறைத்துக் கொடுத்தார். மாங்குளத்து வலயம் வரட்டும். எங்கள் ஊருக்கு முதலில் ஒரு சீமெந்துத் தளமும் ஒரு ஈரமானியும் போதும். அந்த வித்தியாசக் காசு இருந்தால் நான் படிப்பேன்."

கடைசி வசனத்தை நாங்கள் அன்று சரியாகக் கவனிக்கவில்லை. அவன் தாளைக் கொண்டு போய் ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டி, "இவன் எம்.பி. ஆவான்" என்று சிரித்தோம். அவன் சொன்னது சரிதான். 120 என்ற விலை காய்ந்த நெல்லுக்கு. களத்துக்கு வரும் லொறி ஈரத்தைக் கையால் நசித்துப் பார்த்துத் தன் விலையைச் சொல்லும். விவசாயிக்கு மூன்று வெயில் நாள் காத்திருக்க முடிந்தால் விலை அவன் கையில். காத்திருக்க இடமும் இல்லை, காசும் இல்லை. ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம் வரும்தான், ஆனால் கடன் அதற்கு முன்னமே வந்து நிற்கிறது. நாங்களும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான். இருந்தும் இதை ஒரு பாடமாக வகுப்பில் சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த கிழமை அவன் இடம் வெறுமையாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தோம். நான்காம் நாள் அவன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "நானா கொழும்புக்குப் போய்ட்டார் சேர், புறக்கோட்டையில கடைக்கு" என்றான். சின்னவன் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். புது சப்பாத்து வாங்கி அனுப்புவானாம்.

அவனுக்கு இன்னும் 16 ஆகவில்லை. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது சட்டம். அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வாப்பாவின் வீட்டுக்குப் போக எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் பிள்ளையை வெறுத்தா அனுப்பினார்? இந்த ஊரில் எத்தனை கடைக்கார நானாமார் அந்த வயதில் அந்தப் பஸ்ஸில்தான் ஏறினார்கள். சிலர் நன்றாகவும் வந்தார்கள். அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரிடமும் கேட்டுப் பாருங்கள், தங்கள் பிள்ளையை அப்படி அனுப்புவார்களா என்று.

2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் மரஅணிலும் எண்ணினோம். நாங்களும் வளவில் நின்று எண்ணினோம், எழுதிக் கொடுத்தோம். பாடசாலையை விட்டுப் போன பிள்ளைகளையும் அப்படி ஒருநாள் ஊர் ஊராக எண்ணலாமே என்று ஒரு ஆசிரியை சொன்னார். எண்ணத் தொடங்கினோம். எங்கள் ஒரு வகுப்பில் மட்டும் மூன்று பேர்.

எங்கள் ஆறு உறுப்பினர்களில் யார் கண்ணிலாவது இது பட்டால், அவனது தாளின் பிரதி எங்களிடம் இருக்கிறது, தருகிறோம். கட்சி பார்க்க மாட்டோம். அடுத்த போகத்துக்கு முன் நெல் உலர்த்தும் தளத்துக்குக் காணி பார்க்க, விவசாய அமைப்புக்காரரோடு பேசவும் தொடங்கியிருக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் சேர்ந்து கடிதம் கொடுத்தால் பிரதேச செயலகத்தில் வேகமாக நகரும் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவன் வாப்பாவைப் பார்க்கப் போகிறோம். கையை வீசிக்கொண்டு போக முடியாது. வீட்டுக் கடன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் போகிறோம். ஸகாத் நிதியில் இடம் இருக்கிறதா என்று நிர்வாகத்தில் உள்ளவர்கள் எங்களுக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். வர விரும்புகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், கூட்டமாகப் போனால் அந்த மனிதர் வெட்கப்படுவார். அவன் பெயரை இடாப்பிலிருந்து இன்னும் வெட்டவில்லை.