கேஸ்ட்ரிக் என்று ஒரு சொல்

நம் வீடுகளில் வயிற்றுவலிக்கு ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரிக். மாமிக்கு வந்தாலும் கேஸ்ட்ரிக், மருமகளுக்கு வந்தாலும் கேஸ்ட்ரிக். பெயர் வைத்துவிட்டால் மருந்தும் தயார். மிளகும் இஞ்சியும் கராம்பும் தோட்டத்திலேயே விளையும் மாத்தளையில் கஷாயத்துக்கு என்ன பஞ்சம்! அந்தப் பெயரை நம்பி நான் என் மூத்த மகளைப் பறிகொடுக்க இருந்தேன்.

1994 மார்ச், நோன்பு மாதம். இரத்தோட்டைப் பக்கம் எங்கள் வீடு. மகளுக்கு அப்போது 15 வயது. அஸருக்குப் பிறகு கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். "வெறும் வயிறுதானே மகள், நோன்பு துறந்தா சரியாப் போகும்" என்றேன். நோன்பு துறக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தைப் பாதி கடித்து வைத்துவிட்டாள். கஞ்சிக் கோப்பையைக் கண்டதும் குமட்டியது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஏன் பசியில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வாப்பாவின் கேஸ்ட்ரிக் குளிசையில் ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். இஷாவுக்குப் பிறகு வாந்தி எடுத்தாள்.

இரவில் வலி அடிவயிற்றின் வலப்பக்கத்துக்கு இறங்கியது. காலை மடக்கியபடி அசையாமல் கிடந்தாள். மாதாந்தத் தொல்லையாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, சுடுநீர்ப் போத்தலை வைத்தேன். அவளிடம் கேட்கக்கூட இல்லை. வீட்டில் ஆண்கள் இருக்க, அவளும் வாய் திறக்கவில்லை. மாமி ஆமணக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவச் சொன்னார். நல்லவேளை, வீட்டில் எண்ணெய் இருக்கவில்லை. இப்படி வலிக்கும்போது பேதி மருந்து கொடுத்தால் வீங்கிய குடல் உடைந்துபோகலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஸஹருக்குப் பிறகு, "உம்மா, இப்ப கொஞ்சம் சுகம்" என்றாள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். சகோதரிகளே, அந்தச் சுகம்தான் ஆபத்து. வீங்கியது உள்ளே உடையும்போது அழுத்தம் குறைந்து வலியும் சற்றுத் தணியும். ளுஹருக்குள் காய்ச்சல் ஏறியது. வயிறு பலகை போல் இறுகியது. வேன் பிடித்து மாத்தளைக்கு ஓடினோம். ஒவ்வொரு குழியிலும் "மெதுவா, வாப்பா" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, வண்டி குலுங்கியபோது எப்படியிருந்தது என்பதுதான். இரண்டாவது, கடைசியாக எப்போது பசித்துச் சாப்பிட்டாள் என்பது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே முந்திக்கொண்டு, கேஸ்ட்ரிக் என்றும் சொல்லி வைத்தேன். அவர் கையால் என்னை மறித்து, "பிள்ளை பேசட்டும்" என்றார். பிறகு தாதியை அழைத்து, திரைக்குப் பின்னால் வைத்து மாதவிடாய் பற்றி விசாரிக்கச் சொன்னார். நான் இரவு முழுக்கக் கேட்கத் தயங்கியது ஒரு நிமிடத்தில் முடிந்தது. அது வந்துபோய்ப் பத்து நாளாகியிருந்ததாம்.

குடல்வளரி என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் புழுவைப் போலத் தொங்கும் சிறு குழாய். அப்பெண்டிக்ஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதன் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. அதன் நரம்புகளும் தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்புகளும் முள்ளந்தண்டில் ஒரே மட்டத்தில் சேர்வதால் முதலில் தொப்புளில் வலிப்பதாகவே தோன்றும். வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொட்ட பிறகே வலி வலப்பக்கம் இறங்கும். பெரும்பாலும் வலிதான் முந்தி, வாந்தி பிந்தி. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இந்த ஒழுங்கு மாறலாம். அரசர்களையும் விடாத நோய் இது. 1902 ஜூன் 26இல் முடிசூட இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு, இரண்டு நாளைக்கு முன் வயிற்றைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 9இல்தான் முடிசூட்டினார்கள்.

அன்றிரவே மகளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வயிறெங்கும் சீழ். குழாய் வைத்து வடித்தார்கள். பதினொரு நாள் வார்டில் இருந்தோம். பெருநாளும் அங்கேதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்மணி தன் வீட்டிலிருந்து எனக்குச் சோறு வரவழைத்தார்.

அந்த வார்டில்தான் வலிகளின் வகை எனக்குத் தெரிந்தது. பித்தப்பைக் கல்லென்றால் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் வல விலாவின் கீழ் பிடித்து, தோளுக்கும் ஏறுமாம். சிறுநீரகக் கல்காரி ஓரிடத்தில் படுக்க மாட்டாள், புரண்டு துடிப்பாள். என் மகளோ அசையவே பயந்தாள். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறு வலித்து மயக்கமும் வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். அங்கே மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. நீரிழிவுள்ள பெரியவர்களுக்கு மேல்வயிறு எரிந்து வியர்த்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். கேஸ்ட்ரிக் குளிசையோடு நித்திரைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

உண்மையான கேஸ்ட்ரிக்கையும் காரத்தின் தலையில் மட்டும் போட முடியாது. வயிற்றுப் புண்களில் பலவற்றுக்கு ஒரு கிருமியே காரணம். அவுஸ்திரேலிய டொக்டர் பரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவரோடு ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. முழங்கால் வலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும் குளிசைகளும் புண்ணாக்கும். மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மகள் கலேவெலையில் இரண்டு பிள்ளைகளின் தாய். சென்ற வருடம் அவளது சின்ன மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி. மருமகன், "கேஸ்ட்ரிக்கா இருக்கும்" என்று தொடங்கினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. அவனுக்குப் பசியில்லை என்று தெரிந்ததும் 1990க்கு அழைத்தாள். இலவச அம்பியூலன்ஸ் வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குடல்வளரியில் ஒன்றுமில்லை. தடிமன் வந்த பிள்ளைகளுக்குக் குடலருகே நெறி கட்டுவதுண்டாம், அதுதான் வலி. மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.

"சும்மா ஒரு அலைச்சல்" என்றார் மருமகன். மகள் பதில் சொல்லவில்லை. பையன் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.