சக்கரத்தின் முறையீடு

கண்ணை மூடிக்கொள்ள இமை உண்டு. செவிக்கு அத்தகைய மூடி இல்லை. ஆயினும், விரும்பாத ஒலியைக் கேளாதது போல் இருக்கும் பழக்கத்தை மனிதன் எப்படியோ கற்றுக்கொண்டான். நானும் அதில் தேர்ந்தவனாகவே இருந்தேன். அதனால் எனக்கு நேரவிருந்த தீங்கையும், நான் பிறருக்குச் செய்த தீங்கையும் இங்கே கூறுகிறேன்.

என் வீடு வேளச்சேரியில் உள்ளது. ஒரு காலத்தில் அது ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். அதன் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்து கிடந்தது. இன்று ஏரி சுருங்கிவிட்டது. வயல்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆனால் மழைநீர் தன் பழைய இருப்பிடத்தை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில் எங்கள் தெருக்கள் மூழ்கின. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் புயலின்போது மீண்டும் வெள்ளம் வந்தது. தெருவில் நின்ற என் காரின் சக்கரங்கள் பாதிக்கு மேல் நீரில் அமிழ்ந்தன. நீர் வடிந்தபின் இயந்திரத்தைச் சோதிக்கச் செய்தேன்; தரை விரிப்புகளை வெயிலில் உலர்த்தினேன். வண்டி முன்போலவே ஓடியது. எல்லாம் சரியாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று மாதங்கள் சென்றன. ஒருநாள் வண்டியில் புதியதோர் ஒலி கேட்டது. தொலைவில் வண்டுக்கூட்டம் ஒன்று முரல்வது போல் இருந்தது. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் அது எழும். வேகம் குறைந்தால் அடங்கும். நான் என்ன செய்தேன்? வானொலியை உரக்க வைத்தேன். ஒலி நிற்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவே.

பின்னிருக்கையில் இருந்த என் தாயாருக்கு அது கேட்டது. “ஏனப்பா, வண்டி இப்படி முனகுகிறது? அச்சுக்கு மை போடாவிட்டால் உன் தாத்தாவின் மாட்டுவண்டியும் இப்படித்தான் முனகும்” என்றார். நான் சிரித்தேன். “அம்மா, இது மாட்டுவண்டி அன்று” என்று விடை கூறினேன்.

ஒலி நாளுக்கு நாள் வலுத்தது. அப்பொழுது எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அண்மையில்தான் வலப்பக்க முன்சக்கரத்தின் டயரை எங்கள் தெருமுனைப் பட்டறையில் மாற்றியிருந்தேன். அங்கு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அதைப் பூட்டியிருந்தார். ஒலி வலப்பக்கத்திலிருந்தே வருவதாக எனக்குத் தோன்றியது. உடனே பட்டறைக்குச் சென்றேன். “நட்டுகளைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டாய். ஓர் உயிர் போனால் யார் பொறுப்பு?” என்று பலர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் முகம் வாடிற்று. மறுமொழி கூறாமல் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அனைத்தும் இறுக்கமாகவே இருந்தன. ஆயினும் என் ஐயம் தீரவில்லை.

பட்டறையின் உரிமையாளர் அறுபது வயதைக் கடந்தவர். அவர் சினம் கொள்ளவில்லை. மருத்துவர் நோயாளியைக் கேட்பது போல என்னைக் கேட்கத் தொடங்கினார். “ஐயா, வண்டி நிற்கும்போது இயந்திரத்தை முடுக்கினால் ஒலி வருகிறதா? பிரேக்கை அழுத்தினால் மாறுகிறதா? வளைவில் கூடுகிறதா, குறைகிறதா?” ஒன்றுக்கும் என்னால் விடை கூற இயலவில்லை. ஒரு மாதமாக அவ்வொலியோடு வாழ்ந்தும் அதை நான் கேட்டதில்லை என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

மறுநாள் விடியற்காலையில், போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், இருவரும் புறப்பட்டோம். வானொலியை நிறுத்தச் சொன்னார். வேகமாகச் செல்லும்போது கிளச்சை அழுத்தச் சொன்னார். இயந்திரத்தின் வேகம் தணிந்தது, ஒலி தணியவில்லை. “இயந்திரத்தின் மேல் குற்றம் இல்லை” என்றார். பிரேக்கை மெல்லத் தொட்டபோதும் ஒலியின் தன்மை மாறவில்லை. “பிரேக்கின் மேலும் இல்லை” என்றார். பிறகு சாலை வலப்பக்கம் வளைந்தது. ஒலி உரத்தது. இடப்பக்கம் வளைந்தபோது ஏறக்குறைய நின்றேவிட்டது. பெரியவர் புன்னகை புரிந்தார். “வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் சுமை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். சுமை ஏறும்போது கதறுவது எதுவோ, அதுவே நோயுற்றது” என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் இடப்பக்க முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தினார். இளைஞர் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். பெரியவர் நீண்ட திருப்புளி ஒன்றின் முனையைச் சக்கரத்தின் பின்னே அசையாமல் நிற்கும் இரும்புப் பகுதியில் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டார். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இரும்பிலோ 5,000 மீட்டருக்கு மேல் செல்லும். அவ்விரும்பின் வழியே நுண்ணிய அதிர்வும் தெளிவாகச் செவியை எட்டும். நானும் கேட்டேன். மணலை அரைப்பது போன்ற ஒலி நெருநெருவென்று கேட்டது.

சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றினார்கள். உருளும் குண்டுகள் துருவேறிக் குழிந்திருந்தன. வெள்ளத்தில் நின்றபோது காப்பு வளையத்தின் வழியே நீர் கசிந்து, உள்ளிருந்த மசகைக் கெடுத்திருந்தது. அம்மா சொன்னதுதான் உண்மை. அச்சுக்கு மை இல்லை! “இதோடு நெடுந்தொலைவு சென்றிருந்தால் சக்கரமே ஆட்டம் கண்டிருக்கும்” என்றார் பெரியவர். அடுத்த வாரம் அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருந்தேன். என் உடல் நடுங்கிற்று.

1964ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் பென்சியாஸ், வில்சன் இருவருக்கும் இத்தகைய இடர் நேர்ந்தது. அவர்களுடைய பெரிய வானலை வாங்கியில் ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டது. உள்ளே கூடு கட்டிய புறாக்களின் மேல் அவர்களுக்கு ஐயம் எழுந்தது. புறாக்களை அகற்றி, எச்சத்தையும் துடைத்தனர். இரைச்சல் நீங்கவில்லை. சலிப்பின்றி ஒவ்வொரு காரணமாக ஆராய்ந்தனர். அது பேரண்டத்தின் தொடக்க காலத்து வெப்பத்தின் எச்சமாகிய கதிர்வீச்சு என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1978ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் முதல் ஐயத்தோடு நின்றுவிடவில்லை. நானோ முதல் ஐயத்தையே தீர்ப்பாக்கிவிட்டேன்.

புதிய பேரிங் பொருத்தப்பட்டது. வண்டி ஓசையின்றி ஓடியது. நான் அந்த இளைஞரிடம் சென்று, “தம்பி, தவறு என்னுடையது, மன்னித்துக்கொள்” என்றேன். அவர் சிறிது நேரம் தரையை நோக்கினார். “அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை, ஐயா. உண்மையிலேயே ஒரு நட்டை இறுக்காமல் விட்டு, பிறகுதான் அது இறுகியதோ என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்” என்றார். பேரிங்கின் விலையைக் கொடுத்துவிட்டேன். அந்த ஓர் இரவின் உறக்கத்தை என்னால் திருப்பிக் கொடுக்க இயலுமா?

2024ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மக்கள் பலர் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினர். என் வண்டியும் அவ்வரிசையில் நின்றது. இப்பொழுது வண்டியை எடுக்கும்போதெல்லாம் சிறிது தொலைவு வானொலி இல்லாமல் ஓட்டுகிறேன். முனகுவது சக்கரமாயினும் மனிதராயினும், முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் பேச வேண்டும்.