கொக்கியையும் சேர்த்து அளக்கணும்

போன வருசம் அமெரிக்காவுல மக வீட்டுக்குப் போயிருந்தேன். யோசெமிட்டி காட்டுல ரெண்டு நாள் தங்கலாம்னு, மாப்பிள்ளை காருக்குப் பின்னால இழுக்கிற டிரெய்லர் வீடு ஒண்ணை வாடகைக்குப் பார்த்தார். அங்க அப்பர் பைன்ஸ் முகாம்ல டிரெய்லர் 24 அடிக்கு மேல ஆகாது. "பேர்லயே 22ன்னு இருக்கு மாமா"ன்னார்.

எனக்கு மனசு ஒப்பல. டிராக்டர் டிப்பரை வரப்பு மூலையில திருப்பி மாட்டிக்கிட்டவன் நான். டேப் பிடிச்சோம். பெட்டி மட்டும் 22. முன்னால கொக்கிக் கம்பி, பின்னால பம்பர் சேர்த்தா 26!

35 அடி வரைக்கும் விடுற லோயர் பைன்ஸ்ல இடம் எடுத்தார். ராத்திரி நெருப்புப் பக்கத்துல பேரன் என் மடியில தூங்கிட்டான். "இல்லாட்டி இவனை வச்சுக்கிட்டு இருட்டுல அலைஞ்சிருப்போம் மாமா"ன்னார்.