தரைக்கு அடியில் ஒரு குடும்பம்

மேரி நார்ட்டன் என்னும் ஆங்கில மாதரசி 1952ஆம் ஆண்டில் ‘தி பாரோவர்ஸ்’ என்றொரு நூலைச் சிறுவர்க்காக எழுதினார். ‘இரவல் வாங்குவோர்’ என்பது அதன் பொருள். அவ்வாண்டுக்குரிய கார்னிஜி பதக்கம் அதற்குக் கிடைத்தது. தொடர்ந்து 1955, 1959, 1961 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களும், நெடிய இடைவெளிக்குப்பின் 1982இல் ஒன்றும் வெளிவந்தன. இளமையில் வாசித்த இவற்றை ஐம்பதைக் கடந்த இந்நாளில் மீண்டும் கையிலெடுத்தோம். அரபிக் கிதாபுகளோடு பொழுதைக் கழிப்பவருக்குப் பிள்ளைக் கதை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கேட்கட்டும்.

ஒரு பழைய ஆங்கில மாளிகை. அதன் கூடத்தில் ஓர் ஆளுயரக் கடிகாரம். அதன் அடியிலுள்ள துளை வழியே இறங்கினால், பாட், அவன் மனைவி ஹோமிலி, மகள் அரியெட்டி ஆகியோரின் இல்லம். சாண் உயரமும் இல்லாதவர்கள். மையொற்றுத் தாளே அவர்களுக்குக் கம்பளம். தபால்தலைகளே சுவரில் தொங்கும் சித்திரங்கள். சுருட்டுப் பெட்டிகளே மகளின் படுக்கையறை. நம் வீடுகளில் வைத்த இடத்தில் ஊசியும் பொத்தானும் காணாமற்போகும் மர்மத்திற்கு இதனினும் அழகிய விளக்கத்தை யாம் கண்டதில்லை.

ஆனால் இரவல் எனின் திருப்பித் தரவேண்டுமன்றோ? ‘ஆரியத்’ என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் இரவலுக்கு உடையவனின் சம்மதம் வேண்டும். பயன் துய்த்தபின் பொருள் அவனிடமே மீளவேண்டும். இவர்களிடம் இரண்டும் இல்லை. கதையில் வரும் சிறுவனும் இது திருட்டு என்றே சொல்லிவிடுகிறான். அரியெட்டி நகைக்கிறாள். இரவலர் ஒருவர் பொருளை மற்றோர் இரவலர் எடுத்தாலன்றோ திருட்டு? மனிதர்கள் இருப்பதே தங்களுக்காகத்தான் என்கிறாள். மனித இனம் அருகி வருகிறதென்றும் அவள் நம்பியிருந்தாள். உலகில் மனிதர் எத்தனை கோடி என்பதை அவன் எடுத்துரைத்ததும் அச்சிரிப்பு அடங்கி, தன் இனத்தின் கடைசிப் பிள்ளை தானோ என்னும் நடுக்கம் பிறக்கிறது. முன்னாளில் இவ்விடத்தை விரைந்து கடந்தோம். இப்பொழுது நூலை மூடிவைத்துச் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம்.

அச்சிறுவன் இந்தியாவிலிருந்து வந்தவன். நோயுற்று, அந்த மாளிகையில் தங்கியிருப்பவன். இரு மொழிகள் கலந்த நாவினன் ஆதலால் வாசிப்பு அவனுக்குத் தடுமாறுகிறது. உள்ளங்கையளவுப் பெண் அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அரபிக்கும் தமிழுக்கும் இடையே திணறும் மாணவர்களை ஆண்டுதோறும் காணும் எமக்கு அவன் அந்நியனாகத் தோன்றவில்லை.

மேரி நார்ட்டன் சிறுமியாக இருந்தபோது கிட்டப்பார்வை உடையவர். ஆகவே வேலியோரத்துப் புல்லையும் வேரையும் நெருங்கிப் பார்த்தே பழகினார். இச்சிற்றுருவங்கள் அங்கே பிறந்தன. பின்னர் மறந்தும் போயின. 1940ஐ ஒட்டிய போருக்குச் சற்று முன்னர், மெய்யான ஆண்களும் பெண்களுமே ஒளிந்து வாழ நேர்ந்ததைக் கண்டபோதுதான் அவை நினைவில் மீண்டன என்று அவரே எழுதியிருக்கிறார். கண்ணிற் படுவதே பேராபத்து என்னும் அக்குடும்பத்தின் அச்சம் இவ்வாறு வந்தது.

இளமையில் நாம் அரியெட்டியோடு சேர்ந்து வெளியுலகுக்கு ஏங்கினோம். இப்போதோ பாட் மீதே கண் செல்கிறது. ஊக்கும் கம்பியும் கொண்டு வழிநெடுகக் கதவுகள் அமைத்துத் தாழிட்டு வைத்திருக்கும் தகப்பன் அவன். ‘நமக்கு ஆண்பிள்ளை இல்லை, உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் யார் வெளியே போவது? பிள்ளையை அழைத்துச் சென்று பழக்குங்கள்’ என்ற கருத்தில் வாதாடுபவள், அஞ்சி அஞ்சிச் சாகும் ஹோமிலிதான். பாட் மனமின்றி இணங்குகிறான்.

எம் இளைய மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர விரும்பும் வேளை இது. அவள் உம்மா சம்மதித்துவிட்டார். விண்ணப்பத் தாள் பத்து நாட்களாக எம் மேசைமீது கிடக்கிறது. முதல் நூலை வாசித்து முடித்த மகள், ‘வாப்பா, இரண்டாம் நூலில் இவர்கள் வயல்வெளிக்கே போய்விடுகிறார்களாமே?’ என்றாள். ஆம், அங்கே ஒரு பழைய பூட்ஸுக்குள் குடியிருப்பார்கள் என்று மட்டும் சொன்னோம்.