ஆறாம் நாள்

சித்திரபுரத்தை நினைக்கும்தோறும், 1940-இல் மின்சாரம் ஈன்ற பள்ளிவாசல் திட்டத்தின் பெருங்குழாய்களோடு என் சித்தப்பாவின் உருவமும் கண்முன் எழுகிறது. 1968-ஆம் ஆண்டு அடைமழையில், கொழுந்து மூட்டையுடன் சறுக்கி, பாறையில் இடப்பக்கமாக விழுந்தார். எழுந்து, மூட்டையையும் சுமந்தே லயத்துக்கு வந்து சேர்ந்தார். "ஒண்ணுமில்லடா, விலாவிலே சுளுக்கு" என்றார். எண்ணெய் தேய்த்துவிட்டோம். இடத்தோள் வலிக்கிறது என்று அவர் முனகியதை எவரும் பொருட்படுத்தவில்லை. அடிபடாத தோள் ஏன் வலிக்கவேண்டும்? நாட்கூலி போய்விடுமே என்று மூன்றாம் நாளே வேலைக்குப் போனார். ஆறாம் நாள் காலை முகம் வெளிறி வாசலில் சரிந்தார். ஜீப் மூணாற்றை எட்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், தமக்கை மகன் போடிமெட்டு வளைவில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவில்லை. அல்ட்ராசவுண்டிலும் குறையொன்றும் தென்படவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில், "தோள்தான் கொஞ்சம் வலிக்குது மாமா" என்றான். எந்தத் தோள் என்றேன். இடது என்றான். என் கை நடுங்கிற்று.

அன்றே மதுரைக்குக் கொண்டுபோனோம். நரம்பில் சாயமருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் படத்தைக் காட்டினார்: மண்ணீரல் வெண்மையாக ஒளிர, அதன் ஓரத்தில் பிறைபோல் ஓர் இருள். உறை கிழியாமல் உள்ளேயே கட்டிய குருதி அது. அந்த உறை நாட்கள் கழித்தும் வெடிக்கலாம். உதரவிதானம் உறுத்தப்பட்டால் வலி தோளில் தோன்றும் என்றார். தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் குருதி கசிந்த நாளத்தை அடைத்தார்கள். மண்ணீரலை அகற்றவில்லை, அகற்றினால் சில கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுமாம்.

காலந்தாழ்ந்து பெருகும் இக்குருதிப்போக்கைப் பற்றி மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர் 1932-லேயே எழுதியிருக்கிறார். அறிந்திருந்தார்கள், காணத்தான் வழியில்லை. ஹவுன்ஸ்பீல்டு ஆக்கிய கருவி இலண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது 1971 அக்டோபரில். வயிற்றுக்கு அது வந்தது அதற்கும் பின்னர். சித்தப்பா போய் மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அன்று அக்கருவி இருந்திருந்தாலும் எங்கள் லயத்துக்கு எட்டியிராது என்பதும் எனக்குத் தெரியும்.

ஊருக்குப் போகும்போது எவர் விழுந்ததாகக் கேட்டாலும், "இடத்தோள் வலிக்குதா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். காலில் அடிபட்டவனிடமும் கேட்கிறேனாம், சிறுவர்கள் சிரிக்கிறார்கள்.