நாட்டைக் கொடுத்தவருக்கு ஒரு கோயில்

ஜப்பானில் ஷின்டோ கோயில்களில் சாமி கும்பிட ஒரு முறை இருக்கிறது. இரண்டு தடவை குனிந்து வணங்கி, இரண்டு தடவை கைதட்டி, மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும். இஸுமோ டைஷா கோயிலில் நான்கு தடவை தட்டுகிறார்கள். ஏன் என்று மகளிடம் கேட்டேன். "உனக்கு ரெண்டு, அப்பாவுக்கு ரெண்டுன்னு வெச்சுக்கோயேன்" என்று சிரித்தாள்.

அவள் ஒகாயாமாவில் வேலை பார்க்கிறாள். எங்கள் இருவரையும் பிடிவாதமாக வரவழைத்ததற்குக் காரணமே அவள் அப்பாதான். முப்பத்தெட்டு வருடம் கும்பகோணத்தில் பாத்திரக்கடை நடத்தியவர், போன தை மாதம் சாவியை எங்கள் மகனிடம் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் கொடுத்தார். ஆனாலும் காலை பத்து மணிக்குக் கால் தானாகக் கடைக்குப் போய்விடும். "இந்த வெயில்ல ஏம்ப்பா வர்றீங்க?" என்று பிள்ளை அக்கறையாகத்தான் கேட்பான். அது இவர் காதில் வேறு மாதிரி விழும். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

ஒகாயாமாவிலிருந்து 'யாகுமோ' விரைவு ரயிலில் மலைகளைக் கடந்து மூன்று மணி நேரப் பயணம். ஷிமானே மாவட்டத்தில், ஜப்பான் கடல் பக்கம் இருக்கிறது இஸுமோ. பெரிய கோயிலென்றால் ஏறித்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே இரண்டாவது தோரணவாயிலைத் தாண்டியதும் பாதை சரிவாக இறங்குகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் பைன் மரங்கள். வழியெங்கும் கல்லில் செய்த குட்டிக் குட்டி முயல்கள்!

முயலுக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானின் மிகப் பழைய நூலான, கி.பி. 712-ல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி'யில் வருகிறது. தீவிலிருந்து கரைக்கு வர ஆசைப்பட்ட முயல் ஒன்று, "உங்கள் கூட்டத்தை எண்ணிச் சொல்கிறேன்" என்று சுறாக்களை வரிசையாகப் படுக்க வைத்து, அவற்றின் முதுகில் தாவித் தாவி வந்தது. கடைசிச் சுறாவில் கால் வைத்தபோது, "ஏமாந்தீர்களா!" என்று வாயைக் கொடுத்தது. அந்தச் சுறா அதன் தோலை உரித்துவிட்டது.

அந்த வழியே ஓர் இளவரசியைப் பெண் கேட்க எண்பது சகோதரர்கள் போனார்கள். "உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுக் காற்றில் படு" என்று முயலுக்கு வேண்டுமென்றே தப்பு வைத்தியம் சொன்னார்கள். துடித்துப்போனது முயல். அவர்களுடைய மூட்டையைச் சுமந்துகொண்டு கடைசியாக வந்த தம்பிதான் நின்று விசாரித்தான். "நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, சம்பங்கோரைப் பூவின் மகரந்தத்தில் புரண்டு எழு" என்றான். முயலுக்கு ரோமம் முளைத்தது. "இளவரசி உங்களுக்குத்தான்" என்று அது சொன்னபடியே நடந்தது.

அந்த மூட்டை தூக்கிதான் பிற்பாடு நாட்டையே கட்டியெழுப்பிய ஓகுனினுஷி. இந்தக் கோயிலின் சாமி. தோளில் மூட்டையோடு இருக்கும் 'டைகோகு' என்ற செல்வ தெய்வத்தோடு இவரை ஒன்றாக்கி ஜப்பானியர்கள் கும்பிடுகிறார்கள். அந்த டைகோகுவின் மூலம் நம் மகாகாலர் என்று மகள் சொன்னதும், இவர் சட்டென்று கைகூப்பினார்.

மூலக்கோயிலுக்குள் நாம் போக முடியாது. வேலிக்கு வெளியே நின்று, 1744-ல் கட்டிய அந்த மர மாளிகையை அண்ணாந்து பார்க்கலாம். 24 மீட்டர் உயரம். பழங்காலத்தில் இது போல இரண்டு மடங்கு, 48 மீட்டர் உயரம் இருந்ததாம். வெறும் கதை என்று பலர் நினைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டில் வளாகத்தைத் தோண்டியபோது, மூன்று பெரிய தேவதாரு மரங்களைச் சேர்த்துக் கட்டிய, சுமார் மூன்று மீட்டர் அகலத் தூணின் அடிப்பகுதி கிடைத்தது! பக்கத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

"அவ்வளவு உயரமா ஏன் கட்டினாங்க?" என்று கேட்டார் இவர். அன்றைக்கு அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பதிலை இனாசா கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள் மகள். கோயிலிலிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டர். சூரிய தேவதை அமதெராசு, "இந்த நாடு என் வம்சத்துக்கு வேண்டும்" என்று தூதரை அனுப்பியது இந்தக் கரைக்குத்தான். வந்தவர் வாளைத் தலைகீழாக நட்டு, அதன் முனையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாராம். ஓகுனினுஷி தன் பிள்ளைகளைக் கேட்கச் சொன்னார். ஒருவன் சம்மதித்தான். இன்னொருவன் மல்லுக்கு நின்று தோற்றான். கடைசியில் ஓகுனினுஷி சொன்னார்: "கொடுக்கிறேன். ஆனால், வானம் தொடுகிற மாதிரி எனக்கொரு வீடு கட்டித் தர வேண்டும்."

"அந்த வீடுதாம்ப்பா இந்தக் கோயில்."

"எல்லாத்தையும் கொடுத்துட்டு, அப்புறம் அவருக்கு என்ன வேலை?"

"கண்ணுக்குத் தெரியறதை அவங்க பார்த்துக்கட்டும், கண்ணுக்குத் தெரியாததை நான் பார்த்துக்கறேன்னு எடுத்துக்கிட்டாராம். யார் யாரோட சேரணும், யாருக்கு யார் துணை... அதெல்லாம் அவர் பொறுப்பு."

அதனால்தான் கல்யாணம் கூடிவர இங்கே அத்தனை கூட்டம். ஐந்து யென் காசுக்கு 'கோஎன்' என்று பெயர். உறவு, தொடர்பு என்பதற்கும் அதே ஒலிதான். அதனால் அந்தக் காசைப் போட்டு வேண்டுகிறார்கள். கல்யாணம் மட்டுமில்லை, நட்பு, தொழில் எல்லா பந்தமும் இதில் சேர்த்தி. பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதம், பெரும்பாலும் நம் நவம்பர் வாக்கில், நாடு முழுவதிலிருந்தும் தெய்வங்கள் இந்தக் கடற்கரையில் வந்து இறங்குமாம். தீ மூட்டி வரவேற்பார்கள். அடுத்த வருடத்து உறவுகளையெல்லாம் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம். அவர்கள் தங்க, கோயிலின் இரு பக்கமும் வரிசையாகக் கதவுகள் வைத்த நீளமான வீடுகளே இருக்கின்றன. மற்ற ஊர்களில் அந்த மாதத்துக்குத் 'தெய்வமில்லா மாதம்' என்று பெயர். இஸுமோவில் மட்டும் 'தெய்வமிருக்கும் மாதம்'.

இன்னொன்றும் சொன்னாள். இங்கே தலைமுறை தலைமுறையாகத் தலைமைப் பூசகராக இருக்கும் செங்கே குடும்பம், அமதெராசுவின் மகன் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது.

"வாங்கிக்கிட்டவங்க வீட்டுப் பிள்ளையே கொடுத்தவருக்குப் பூசை பண்றானா?" என்றார் இவர். அப்புறம் ரொம்ப நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் எதுவும் பேசத் தோன்றவில்லை.

ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. இப்போது இவர் காலை பத்து மணிக்குக் கடைக்குப் போவதில்லை. வருகிற கல்யாணப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். மூன்று தலைமுறையாக எங்களிடம் சீர்ப் பாத்திரம் வாங்கும் குடும்பங்கள். கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எதையும் விடாமல் போய்த் தலைகாட்டுகிறார். "கடை அவனோடது. கடைக்கு வர்றவங்க என்னோட மனுஷங்க" என்கிறார்.

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மகனிடமிருந்து போன். "அப்பா, ஒரு பாட்டி வந்திருக்காங்க. உங்களைப் பார்க்காம பில் போட மாட்டேங்கறாங்க."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெயில் கொளுத்தியது. போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை.